அக்காவும் ‘வெயிட்’ என்கிற வினைச்சொல்லும்

என் அக்காவின் தொழில் ஜனங்களை உட்கார வைப்பது. பல் டாக்டரிடம் வரவேற்பு மேஜையில் இருக்கிறாள். கன்னத்தைப் பிடித்துக்கொண்டு வந்தாலும் சரி, ஹெல்மெட்டைக் கழற்றாமல் வந்தாலும் சரி, நிமிர்ந்து ஒரு பார்வை பார்ப்பாள். “வெயிட் பண்ணுங்க” என்பாள். அந்தக் குரலில் கனிவும் இருக்காது, கடுப்பும் இருக்காது. குழாயைத் திறந்தால் தண்ணீர் வருகிற மாதிரி வரும்.

உட்காருகிற இடத்தைச் சொல்ல வேண்டும். நான்கு எஃகு நாற்காலிகளை ஒரே தண்டில் கோத்திருப்பார்கள். ஒருவன் காலாட்டினால் நாலு பேரும் ஆடியாக வேண்டும். மூலையில் ஒரு மீன் தொட்டி. மீன்கள் எல்லாம் எப்போதோ போய்ச் சேர்ந்துவிட்டன, குமிழி மட்டும் விட்டுக்கொண்டிருக்கும். அதைப் பார்த்தால் வருகிறவர்களுக்கு மனசு அமைதியாகும் என்பது டாக்டரின் நம்பிக்கை. சுவரில் ஒரு குடும்பப் படம். அப்பா, அம்மா, பிள்ளை மூன்று பேரும் அத்தனை பற்களையும் காட்டிச் சிரிப்பார்கள். ஒரே வீட்டில் குடியிருக்கிறவர்கள் அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை.

அங்கே முன்னால் வந்தவர் முன்னால் போக முடியாது. அது அக்கா போட்ட சட்டம். யாருக்கு ரொம்ப வலிக்கிறது என்று கேட்டால் எல்லாரும்தான் கை தூக்குவார்கள். அதனால் அவள் கேட்பதில்லை. உட்கார வைத்துவிட்டுப் பார்ப்பாள். உண்மையில் வலிக்கிறவன் நாற்காலியில் சாயமாட்டான். போன் அடித்தால் எடுக்கமாட்டான். “உயிர் போகுது மேடம்” என்று சொல்கிறவனுக்கு உயிர் பத்திரமாக இருக்கிறது என்று அர்த்தம். உயிர் போகிறவன் வாயைத் திறக்கமாட்டான். அந்த வாய் திறக்காத ஆளைத்தான் முதலில் உள்ளே அனுப்புவாள். மற்றவர்கள் சண்டைக்கு வருவார்கள். அவர்களுக்கும் அதே பதில்தான், வெயிட் பண்ணுங்க.

ஒருமுறை நான் வேலைக்கு மட்டம் போட்டுவிட்டு, பல்வலி என்று அங்கே போய் உட்கார்ந்தேன். கூடப் பிறந்தவள் என்றுகூடப் பார்க்காமல் என்னைக் கடைசி வரை உட்கார வைத்தாள். கிளினிக்கை மூடுகிற நேரத்தில், “உனக்கு ஒண்ணுமில்ல, வீட்டுக்குப் போய் பாத்திரத்தைத் தேய்ச்சு வை” என்றாள்.

நான் அவளுக்கு நேர் எதிர். கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கிறேன். பயிற்சிக் காரில் என் காலடியிலும் ஒரு பிரேக் உண்டு. வாய்க்குத்தான் கிடையாது என்று அம்மா சொல்வாள். எனக்குப் பொறுமை இல்லை, ஒப்புக்கொள்கிறேன். பொறுத்தார் பூமியாள்வார் என்கிறார்கள். எனக்குப் பூமி எல்லாம் வேண்டாம், முன்னால் போகிற லாரி கொஞ்சம் ஒதுங்கினால் போதும்.

இத்தனை பேரை உட்கார வைத்த அக்காவையே ஒரு மனிதர் ஏழு வருஷமாக உட்கார வைத்திருந்தார். அவருக்கு நான் வைத்த பெயர் ‘அடுத்த மாசம்’.

அப்பா இருந்தபோது பார்த்து முடிவு பண்ணிய சம்பந்தம். மாப்பிள்ளை மின்விளக்குகள் விற்கும் கடையில் மேற்பார்வையாளர். அண்ணன் குடும்பத்தோடு ஒரே வீட்டில் இருந்தார். மாடியில் இரண்டு அறை கட்டிவிட்டுக் கல்யாணம் வைத்துக்கொள்ளலாம், அடுத்த மாசம் முடிந்துவிடும் என்றார். நியாயமான பேச்சுதான். அப்புறம் சுவர் காய வேண்டும் என்றார். மழை என்றார். தரைக்கு வந்த கல் நிறம் மாறி வந்துவிட்டது, கொத்தனார் ஊருக்குப் போய்விட்டார், தண்ணீர்த் தொட்டி கசிகிறது, எல்லாம் அடுத்த மாசம் சரியாகிவிடும் என்றார். நடுவில் அப்பா போய்ச் சேர்ந்தார். அவர் காரியத்துக்கு வந்தபோதுகூட மாப்பிள்ளை, “மாடி மட்டும் முடிஞ்சிருந்தா மாமா பார்த்துட்டுப் போயிருப்பார்” என்று கண் கலங்கினார். நிஜமாகவே கலங்கினார். அதுதான் அவரிடம் கஷ்டம். கெட்டவராக இருந்தால் என் வேலை சுலபமாகியிருக்கும்.

“நல்ல பையன்டி. ஒரு கெட்ட பழக்கம் கிடையாது” என்பாள் அம்மா.

“நல்ல பழக்கம் என்னம்மா இருக்கு? அதையும் சொல்லு” என்பேன்.

“உன் நாக்குல தேளு இருக்கு” என்பாள். பேச்சு அதோடு முடிந்துவிடும்.

அவர் வீடு நகரத்தின் இன்னொரு கோடியில். கல்யாணத்துக்கு முன்னால் பெண் அந்த வாசலில் போய் நிற்கக்கூடாது என்பது அம்மாவின் உத்தரவு. மாடி எந்த நிலையில் இருக்கிறது என்று நான் போய்ப் பார்த்துவிட்டு வருகிறேன் என்றதற்கு, “உன் வண்டியோட அந்தத் தெருவுக்குள்ள நுழைஞ்சே, தொலைச்சிடுவேன்” என்றாள். அவர்தான் எப்போதாவது வருவார். டீ குடிப்பார். மாடியைப் பற்றிப் பேசுவார். காலி டம்ளரை அவரே எடுத்துப் போய்ச் சமையலறையில் வைப்பார், அம்மா உருகிப்போவாள்.

இப்படியே போயிருக்கும். பல் டாக்டர் வேறு ஊரில் இரண்டாவது கிளினிக் திறக்கப் போகிறார் என்ற செய்தி வராதிருந்தால்.

அக்காவைக் கூப்பிட்டு அவர் சொன்னார்: “அங்க முன்பக்கத்தை மொத்தமா நீங்கதான் பார்த்துக்கணும். மேல தங்கறதுக்கு ரூம் இருக்கு. சனிக்கிழமை சாமான் எல்லாம் வேன்ல போகுது. வர்றதா இருந்தா அதுலயே வந்திடுங்க. இல்லன்னா நான் வேற ஆளைப் பார்க்கணும்.”

அக்காவுக்கு ஆசை. அவள் சொல்லவில்லை, ஆனால் அன்று ராத்திரி சாப்பிடும்போது, அந்தப் புது கிளினிக்கில் நாற்காலிகளைத் தனித்தனியாகப் போடச் சொல்ல வேண்டும் என்றாள். போகாத ஊருக்கு யாரும் நாற்காலி பார்க்கமாட்டார்கள். சாப்பிட்டுக் கை கழுவிவிட்டு அடுத்த மாசத்துக்குப் போன் செய்தாள். நான் பக்கத்தில் காதைத் தீட்டிக்கொண்டு நின்றேன்.

அவர் குரல் வெல்லம் மாதிரி வந்தது. “இப்ப அவசரப்பட்டு எதுவும் முடிவு பண்ணாதே. மாடி கிட்டத்தட்ட முடிஞ்ச மாதிரிதான். கொஞ்சம் வெயிட் பண்ணு. அடுத்த மாசம் உட்கார்ந்து பேசிடலாம்.”

“சரிங்க” என்று அக்கா போனை வைத்தாள். “டாக்டர்கிட்ட முடியாதுன்னு சொல்லிடறேன்” என்றாள்.

“காத்திருந்தவன் பெண்டாட்டியை நேத்து வந்தவன் கொண்டு போனான்னு சொல்லுவாங்க. உன் விஷயத்துல நேத்து வந்தவன்கூட வரமாட்டேங்கிறானே அக்கா” என்றேன். அவள் தட்டைக் கழுவப் போய்விட்டாள். அன்று திங்கட்கிழமை.

மறுநாள் எனக்கு டியூஷன் சாரோடு பாடம். இவரைப் பற்றிச் சொல்ல வேண்டும். வீட்டில் பிள்ளைகளுக்கு இங்கிலீஷ் டியூஷன் எடுக்கிறவர். ஐம்பதைத் தாண்டிய பிறகு கார் ஓட்டும் ஆசை வந்தது. ஆசைதான் வந்தது, கை கால் வரவில்லை. பயம் வந்துவிட்டால் மனிதர் சொற்களின் ஜாதகத்தைச் சொல்ல ஆரம்பித்துவிடுவார். கியரை மாற்றுங்கள் என்றால் கியர் என்ற சொல்லின் பாட்டன் பூட்டனைச் சொல்வார். கியர் மாறாது.

அன்று பெரிய நாற்சந்தியில் சிவப்பு விழுந்து நின்றோம். பச்சை வந்தது. நின்றோம். பின்னால் இருந்தவர்கள் எல்லாரும் ஹாரனில் கையை வைத்துவிட்டு எடுக்க மறந்துவிட்டார்கள்.

“எதுக்கு சார் வெயிட் பண்றீங்க? கிளப்புங்க” என்றேன்.

கிளப்பினார். வண்டி குதித்து அணைந்தது. நெற்றி வியர்த்துவிட்டது. “மேடம், நான் இப்ப பண்ணது வெயிட்டே இல்ல. அந்தச் சொல்லுக்கு முதல்ல அந்த அர்த்தமே கிடையாது” என்றார்.

“சாவியைத் திருப்புங்க சார்.”

“பழைய பிரெஞ்சுலேர்ந்து வந்தது. அங்க அதுக்கு அர்த்தம், கண்ணு வெச்சுப் பார்க்கிறது. அதுக்கும் முன்னாடி ஜெர்மானிய மொழியில இருந்தது. வாட்ச், வேக் எல்லாம் அதே வம்சம்தான். முழிச்சிருந்து காவல் காக்கிறது. இங்கிலீஷ்க்கு வந்தப்போ எதிரியை மறைஞ்சிருந்து கவனிக்கிறதுக்குத்தான் வெயிட்னு சொன்னாங்க. சும்மா உட்கார்ந்து எதிர்பார்க்கிறதுங்கிற அர்த்தம் எல்லாம் ரொம்ப காலம் கழிச்சு வந்து ஒட்டிக்கிட்டது.”

பேசிக்கொண்டே சாவியைத் திருப்பினார். பேச்சு சுவாரசியத்தில் பயம் மறந்துபோய் வண்டி அழகாகக் கிளம்பியது. சரி, வண்டி போனால் சரி என்று நானும் வாயைக் கொடுத்தேன். “அப்ப ஓட்டல்ல வெயிட்டர்னு சொல்றோமே, அவர் யாரை மறைஞ்சிருந்து பார்க்கிறார்?”

“உங்க மேஜையைத்தான். உங்களுக்கு என்ன வேணும்னு கண்ணு வெச்சுக்கிட்டே இருக்கிறவர். ஒரு காலத்துல காவல்காரனுக்கும் அந்தப் பேர் இருந்தது. சில நகரங்கள்ல அந்தக் காவல்காரங்க குழல் ஊதிக்கிட்டே சுத்துவாங்க. நல்லா ஊதினாங்க போல. போகப்போக காவலை விட்டுட்டு வாசிக்கிறது மட்டும் அவங்க வேலைன்னு ஆகிப்போச்சு.”

“காவலை விட்டுட்டுப் பாட்டு மட்டுமா? எங்க வருங்கால மாமாவுக்குச் சொந்தக்காரங்களா இருப்பாங்க.”

சாருக்குப் புரியவில்லை. முழுக் கதையையும் சொன்னேன். வீடு போய்ச் சேரும் வரை மனிதர் ஒருமுறைகூட வண்டியை அணைக்கவில்லை. அடுத்தவர் வீட்டு விஷயம் கேட்டால் கை கால் எல்லாம் தானாக வேலை செய்யும் போலிருக்கிறது.

சாயங்காலம் அக்கா தன் வெள்ளைக் கோட்டுக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தாள். வேடிக்கைக்குத்தான் சார் சொன்ன ‘வெயிட்’ கதையை அவளிடம் சொன்னேன். பெட்டியைக் கையில் பிடித்தபடி நின்றுவிட்டாள்.

“தமிழ்லயும் அப்படித்தானே” என்றாள். “காவல் காக்கிறோம்னு சொல்றோம். காத்திருக்கோம்னும் சொல்றோம். ரெண்டும் ஒண்ணுதானே?”

“கோட்டு பத்திக்கப் போகுது.”

பெட்டியை நிமிர்த்தி வைத்தாள். “காவல்காரன் கண்ணை மூடிக்கிட்டு உட்கார்ந்திருந்தா அதுக்குப் பேரு காவல் இல்லயே.”

“தூக்கம்.”

“என் மேஜைக்கு முன்னாடி யாரையும் நான் பார்க்காம உட்கார வைக்கிறது இல்ல. யாருக்கு வலிக்குது, யாருக்கு வலிக்கலன்னு தெரிஞ்சுதான் உள்ள அனுப்பறேன். இந்த மனுஷனை ஏழு வருஷத்துல ஒரு தடவைகூட பார்க்கலடி. அவர் சொன்னதைக் கேட்டேன். பார்க்கவே இல்ல.” கோட்டை மடித்தாள். “டாக்டர்கிட்ட நான் இன்னும் எதுவும் சொல்லல. வியாழக்கிழமை அரைநாள் லீவு போடறேன். உன் வண்டி வருமா?”

என் வண்டியைப் பற்றி இங்கே சொல்ல வேண்டும். மஞ்சள் நிறம். முன்னாலும் பின்னாலும் சிவப்பில் பெரிய ‘எல்’. கதவில் பயிற்சிப் பள்ளியின் பெயரும் போன் நம்பரும், தூரத்துக் கிழவர்களுக்கும் தெரிகிற அளவில். ஒளிந்திருந்து பார்க்க இதைவிட மோசமான வண்டியை யாரும் செய்திருக்க முடியாது. தவிர, வியாழக்கிழமை சாயங்காலம் சாரின் பாடம். ரத்து செய்தால் முதலாளி கேள்வி கேட்பார். எனவே சாரும் வந்தார். வந்தார் என்ன, அவர்தான் ஓட்டினார்.

“மேடம், இது சரியா வருமா?” என்று கேட்டார்.

“நீங்கதானே சார் ஆரம்பிச்சு வெச்சீங்க. மறைஞ்சிருந்து கவனிக்கிறதுன்னு.”

“நான் அகராதியைச் சொன்னேன் மேடம்.”

அம்மாவிடம் கோவிலுக்குப் போகிறோம் என்று சொல்லிவிட்டு வந்திருந்தோம். அக்கா பின்சீட்டில் சரிந்து உட்கார்ந்திருந்தாள். மாப்பிள்ளை வீட்டுக்கு எதிர்ச்சாரியில், கொஞ்சம் மேடான இடத்தில், ஒரு மரத்தடியில் வண்டியை நிறுத்தச் சொன்னேன். ஒரு வீட்டு வாசலில் ஒருவர் செடிக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தார். எங்களைப் பார்த்துவிட்டுக் குழாயைச் செடிக்குப் பக்கத்தில் பிடித்துக்கொண்டு நின்றார்.

கீழ்வீடு பழையது, காரை உதிர்ந்திருந்தது. நிமிர்ந்து மாடியைப் பார்த்தோம். நான் ஒன்றும் பேசவில்லை. என்னையே நான் மெச்சிக்கொள்ள வேண்டிய நேரம் அது.

மாடி முடிந்திருந்தது. முடிந்து வெகு நாளாகிவிட்டது என்பது பார்த்தாலே தெரிந்தது. மழைத் தண்ணீர் வடிந்த கறை சுவரில் பழசாகியிருந்தது. சன்னலுக்குக் கண்ணாடி, கண்ணாடிக்குப் பின்னால் திரைச்சீலை. பால்கனியில் இரண்டு பிரம்பு நாற்காலிகள். ஒன்றுக்கு மேலே போட்ட பிளாஸ்டிக் உறை அப்படியே இருந்தது. இன்னொன்று உட்கார்ந்து உட்கார்ந்து நிறம் மாறியிருந்தது.

கொஞ்ச நேரத்தில் அவர் ஸ்கூட்டரில் வந்தார். வெளிப்படியில் ஏறி மாடிக்குப் போனார். முன்னறையில் விளக்கு எரிந்தது, திரைச்சீலை விலகியது. அப்புறம் படுக்கையறையில். அப்புறம் சமையலறையில். கடைசியில் குளியலறை விளக்கைக்கூடப் போட்டுவிட்டு, பால்கனிக்கு வந்து நின்று, திரும்பித் தன் வீட்டையே ஒரு பார்வை பார்த்தார். உள்ளே போய் கைக்குட்டையால் ஒரு சுவிட்சைத் துடைத்தார். கீழேயிருந்து அண்ணி மூடிய தட்டோடு படியேறி வந்து கொடுத்துவிட்டுப் போனாள். அவர் பால்கனியில் அந்த நிறம் மாறிய நாற்காலியில் சாய்ந்து, தட்டை மடியில் வைத்து, காலைத் தூக்கி முக்காலி மேல் போட்டு, உள்ளே ஓடிய டிவியைப் பார்த்துச் சிரித்தார். தனியாக உட்கார்ந்து சிரிக்கிறவரின் சிரிப்பு. நல்ல சிரிப்பு.

எனக்கு அடக்க முடியவில்லை. “வீட்டைக் கட்டிப் பார், கல்யாணம் பண்ணிப் பார்னு சொன்னாங்க. இவர் முதல் பாதியிலேயே நின்னுட்டார். கட்டினார், பார்த்துக்கிட்டே இருக்கார்” என்றேன்.

அக்கா சிரிக்கவில்லை. முன்சீட்டுகளுக்கு நடுவே தலையை நீட்டி, கண் கொட்டாமல் பார்த்துக்கொண்டிருந்தாள். மேஜைக்குப் பின்னாலிருந்து அவள் பார்க்கிற அதே பார்வை.

“எப்படிச் சாய்ஞ்சு உட்கார்ந்திருக்கார் பாரு” என்றாள் மெதுவாக. “இந்த மனுஷனுக்கு எந்த வலியும் இல்லடி.”

நான் அவள் முகத்தைப் பார்க்க முழுதாகப் பின்னால் திரும்பினேன். அந்தச் சமயம் பார்த்து டியூஷன் சாரும், “என்ன சொன்னாங்க?” என்று திரும்பினார். திரும்பியவர் பிரேக்கிலிருந்து காலை எடுத்துவிட்டார். கியர் இல்லை, கைப்பிரேக் இல்லை, தெரு சரிவு. வண்டி சத்தமில்லாமல் உருண்டு, தெருவைக் குறுக்கே கடந்து, மாப்பிள்ளை வீட்டு இரும்புக் கேட்டில் போய் முட்டி நின்றது. தெருநாய்கள் எல்லாம் குரைத்தன. செடிக்குத் தண்ணீர் விட்டவர் குழாயைக் கீழே போட்டுவிட்டார்.

அடுத்த மாசம் பால்கனியிலிருந்து எட்டிப் பார்த்தார். கையில் தட்டு. வண்டியிலிருந்து அக்கா இறங்கினாள். அவர் தட்டை வைத்துவிட்டுக் கீழே ஓடி வந்தார்.

“என்னாச்சு? யாருக்காவது அடிபட்டுச்சா?” என்றார். கேட்டைப் பற்றிக் கேட்கவில்லை. அதைச் சொல்லியாக வேண்டும்.

“யாருக்கும் ஒண்ணுமில்லைங்க” என்றாள் அக்கா. “மாடி முடிஞ்சிருச்சு போல.”

அவர் திரும்பி மாடியைப் பார்த்தார், யாரோ அவருக்குத் தெரியாமல் முடித்துவிட்டுப் போன மாதிரி. “ஆமா. முடிஞ்சு... ரெண்டு வருஷம் இருக்கும். சின்னச் சின்ன வேலை பாக்கி இருந்தது. சொல்லணும்னுதான் இருந்தேன்.”

நான் வாயைத் திறந்தேன். அக்கா கையைக் காட்டினாள். மூடிக்கொண்டேன்.

“சன்னல் நல்லா இருக்கு. நீங்களே பார்த்து வாங்கினீங்களா?” என்று கேட்டாள்.

அவர் முகம் மலர்ந்துவிட்டது. “ஆமா, ஒவ்வொண்ணும் நானே போய்ப் பார்த்தேன். உள்ள விளக்கு எல்லாம் கண்ணைக் கூசாது, கவனிச்சியா? எங்க கடையிலயே அது மூணு பேர்தான் வாங்கியிருக்காங்க. சமையலறையில நிழல் விழாத மாதிரி பக்கத்துல இருந்து வெளிச்சம் வரும்.” கல்யாணத்தைப் பற்றி இந்த மனிதர் இத்தனை சந்தோஷமாக ஒரு வாக்கியம் பேசி நான் கேட்டதில்லை. எனக்குக் கோபம் வரவேண்டிய இடம். அழுகைதான் வந்தது, அக்காவை நினைத்து.

அக்கா கடைசி வரை கேட்டாள். பிறகு, “சனிக்கிழமை நான் அந்த ஊருக்குக் கிளம்பறேன். வேலைக்கு. அங்கேயே இருந்துடுவேன்” என்றாள்.

அவர் தோள் இரண்டும் தளர்ந்து இறங்கியதை நான் பார்த்தேன். டியூஷன் சார்கூடப் பார்த்தார். கனத்த மூட்டையை யாரோ கைமாற்றி வாங்கிக்கொண்ட மாதிரி ஒரு மூச்சு விட்டார். விட்ட பிறகுதான் அவருக்கே அது தெரிந்தது. முகம் சிவந்துபோய், “நீ போய்ட்டு வா. எத்தனை நாள் ஆனாலும் பரவாயில்ல. நான் வெயிட் பண்றேன்” என்றார். பொய்யாகச் சொல்லவில்லை. அந்த விளக்குகளுக்குக் கீழே, அந்தப் பிரம்பு நாற்காலியில், ஆயுசு முழுக்க வெயிட் பண்ணியிருப்பார்.

“வேண்டாங்க” என்றாள் அக்கா. “உங்களுக்கு இப்படியே நல்லா இருக்கு. அதைக் கெடுக்க நான் வரல. அம்மாகிட்ட நானே சொல்லிக்கறேன்.” வண்டியில் ஏறப் போனவள் திரும்பி, “போய்ச் சாப்பிடுங்க, ஆறிடும்” என்றாள்.

வண்டியை நான் ஓட்டினேன். சார் என் பக்கத்தில் கைகளை மடியில் வைத்துக்கொண்டு, குற்றவாளி மாதிரி உட்கார்ந்திருந்தார். பின்னாலிருந்து அக்கா அழுகிற சத்தம் கேட்டது. அவள் அழுது நான் பார்த்ததில்லை, அப்பா போனபோதுகூட வந்தவர்களை உட்கார வைத்துக்கொண்டிருந்தவள். எனக்குத் தெரிந்த ஒரே ஆறுதல் திட்டுவதுதான். “விடுக்கா, சனியன் விட்டுதுன்னு நினைச்சுக்கோ. ஏழு வருஷம் உன்னை ஏமாத்தினவனுக்காக...”

“அவர் ஏமாத்தலடி” என்றாள் மூக்கை உறிஞ்சிக்கொண்டு. “என்னைப் பார்க்கிறவங்க எல்லாம் எப்ப கல்யாணம்னு கேட்பாங்க. மாப்பிள்ளை ரெடி, மாடி முடியணும்னு சொல்லுவேன். அதுக்கு மேல யாரும் ஒண்ணும் கேட்க மாட்டாங்க. எனக்கும் அது வசதியாத்தான் இருந்துச்சு. அவருக்கு ஒரு மாடின்னா எனக்கு அவரு.”

சாரை எங்கள் தெருவுக்குக் கொஞ்சம் முன்னாலேயே இறக்கிவிட்டேன். கதவைச் சாத்தும்போது, “மேடம், அந்தக் கேட்டுக்கு ஆகிற செலவை நான் குடுத்துடறேன்” என்றார். அக்கா அழுகைக்கு நடுவில் சிரித்துவிட்டாள்.

வீட்டில் அம்மா ஆடித் தீர்த்தாள். கோவிலுக்குப் போகிறேன் என்று பொய் சொன்னதில் ஆரம்பித்து என் வண்டி, என் நாக்கு, நான் பிறந்த நேரம் எல்லாவற்றையும் இழுத்தாள். கடைசியில் அக்காவிடம், “அப்பா பார்த்து வெச்ச இடம்டி” என்றாள்.

“அப்பா ஒரே ஒரு தடவை பார்த்தார்மா. நான் இன்னிக்குத்தான் பார்த்தேன்” என்றாள் அக்கா. அம்மா கொஞ்ச நேரம் அவள் முகத்தையே பார்த்தாள். பிறகு எழுந்துபோய் பரணிலிருந்து பெரிய பெட்டியை இறக்கித் தூசி தட்டினாள்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் அக்கா பெட்டி கட்டினாள். கோட்டுகள், செருப்பு, தலையணை உறை, அவளுடைய டம்ளர் வரைக்கும். நான் கதவில் சாய்ந்து நின்று, எதை எடுத்துப் போகக்கூடாது என்று சண்டை போட்டுக்கொண்டிருந்தேன். அந்த நீலப் போர்வை என்னுடையது. அந்தச் சீப்பும் என்னுடையது. அவள் ஒவ்வொன்றாக எடுத்து என்னிடம் நீட்டினாள். கை நிறைய என் சாமான்களோடு நிற்கும்போதுதான் எனக்கு உறைத்தது. இத்தனை வருஷமும் இவள் இந்த வீட்டிலிருந்து நகராமல் கிடக்கிறாளே என்று அந்த மனிதரைத் திட்டித் தீர்த்தேன். இவள் என் பக்கத்துப் படுக்கையில் இருந்ததே அந்த மனிதர் புண்ணியத்தில்தான்.

“நாளைக்கேதான் போகணுமா? அடுத்த வாரம் போனா என்ன?” என்றேன். குரல் எனக்கே அசிங்கமாகக் கேட்டது.

அக்கா நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். நான் சீப்பையும் போர்வையையும் திரும்பவும் அவள் பெட்டிக்குள் வைத்தேன். பெட்டி மூடவில்லை. அவள் முழங்காலால் அழுத்திப் பார்த்தாள், அப்போதும் மூடவில்லை.

“அழுதுகிட்டே நிக்காம இது மேல ஏறி உட்காரு” என்றாள்.

ஏறி உட்கார்ந்தேன். அவள் கீழே குனிந்து பூட்டினாள்.